பெட்டியில் எது ஏறலாம், எது வீட்டில் இருக்கட்டும்?
வாசகர் கேள்வி – பதில்

பயணத்துக்கு எடுத்துப்போகும் மின்கருவிகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் நியூஜெர்சி போகிறோம். மிக்ஸி, சின்ன ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ், பி.பி. பார்க்கும் கருவி, இரண்டு போன் சார்ஜர் எல்லாம் எடுத்துவைத்துவிட்டேன். பின் மாற்றும் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொண்டால் எல்லாமே ஓடும் என்று கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகி, கும்பகோணம்

போன் சார்ஜர் ஓடும். பி.பி. கருவியும் ஓடும். மிக்ஸி, குக்கர், அயர்ன் பாக்ஸ் மூன்றையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள் அம்மா.

கடைக்காரர் காட்டிய அடாப்டர், பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். வோல்ட்டேஜை அது தொடுவதே இல்லை. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க வீடுகளில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் என்பது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு. எந்தக் கருவி இரண்டு ஊரிலும் ஓடும் என்பது அதன் மேலேயே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். போன் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 'இன்புட்' என்ற வரியில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். அப்படி இருந்தால் பின்னை மாற்றினால் போதும். லேப்டாப், கேமரா சார்ஜர்களும் இப்போது அநேகமாக இந்த வகைதான். மிக்ஸியின் அடியில் 230 அல்லது 220–240 என்று மட்டும் இருக்கும். அது நம் ஊர் மின்சாரத்துக்கு மட்டுமே செய்தது.

சூடேறும் கருவிகளில் ஒரு கணக்கு இருக்கிறது. வோல்ட்டேஜ் பாதியானால் சூடு பாதியாவதில்லை, கிட்டத்தட்ட கால்வாசியாகிவிடும். 700 வாட் குக்கரை 120 வோல்ட்டில் செருகினால் 190 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். வெந்நீரில் அரிசி ஊறிக் குழையுமே தவிர, உதிர் உதிராகச் சாதம் வராது. அயர்ன் பாக்ஸ் கையால் தொட்டுப் பார்க்கும் வெதுவெதுப்போடு நின்றுவிடும். மிக்ஸி காலி ஜாரோடு சுற்றிக்காட்டி ஏமாற்றும். உளுந்தையோ தேங்காயையோ போட்டதும் திணறும். மோட்டார் மெதுவாகச் சுற்றினால் அதைக் குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். சுருள் சூடாகி வாடை அடிக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 120-ஐ 230 ஆக்கலாம்தான். 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மராவது வேண்டும், ஏனென்றால் மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட் பல மடங்கு. அந்த டிரான்ஸ்ஃபார்மர் எட்டு, பத்து கிலோ எடை இருக்கும். பெட்டிக்கு 23 கிலோதான் என்று கணக்குப் பார்த்து ஊறுகாயையும் கருவேப்பிலைப் பொடியையும் அடுக்கும் இடத்தில் இது கட்டுப்படியாகாது. வெட் கிரைண்டர் எடுத்துப்போக நினைப்பவர்களுக்கும் ஒன்று: டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 50-க்குச் செய்த கிரைண்டர் மோட்டார் 60-ல் ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும். மாவும் சூடாகும், மோட்டாரும் சூடாகும்.

நேர்வழி, 110 வோல்ட் மிக்ஸி வாங்குவது. பிரீத்தி, பிரீமியர், அல்ட்ரா போன்ற நம் ஊர் நிறுவனங்களே அமெரிக்காவுக்கென்று 110 வோல்ட்டில் தனியாகச் செய்கின்றன. அங்கே இந்தியக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும். மகள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். சாதாரண பிரஷர் குக்கர், இட்லித் தட்டு, பருப்பு மத்து இவற்றுக்கு வோல்ட்டேஜ் கிடையாது. இடமிருந்தால் அவற்றை எடுத்துப்போங்கள்.

திரும்பி வரும்போது அங்கிருந்து காபி மேக்கர், ஹேர் டிரையர் என்று ஏதாவது கொண்டுவந்தால் ஆபத்து இன்னும் பெரியது. 120 வோல்ட் ஹீட்டரை நம் 230-ல் செருகினால் மூன்றரை மடங்குக்கும் மேல் சூடேறும். சில நொடிகளில் எரிந்துபோகும். அமெரிக்காவில் வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இங்கே வேண்டாம். அதற்குள் மின்னெழுச்சியைத் தடுக்கும் பாகம் 120-க்கு அளவெடுத்து வைத்தது. 230 வந்ததும் அதுவே முதலில் வெடிக்கும்.

பி.பி. கருவி பேட்டரி செல்லில் ஓடுவதால் கவலையில்லை. செல்லைக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள், இல்லாவிட்டால் பெட்டிக்குள் பட்டன் அழுந்திப் பட்டை காற்றேறிக் கிடக்கும். பின் அடாப்டர், தட்டையான இரண்டு பின் உள்ளது, மூன்று வாங்குங்கள்: ஆளுக்கு ஒன்று, ஹாலுக்கு ஒன்று.

எனக்கு 30,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் வாங்கலாம் என்று ஆசை. விமானத்தில் விடுவார்களா?
– வாசகர், ஈரோடு

முன்னனுமதி வாங்காமல் விடமாட்டார்கள். விமான விதி எம்.ஏ.ஹெச். பார்ப்பதில்லை, வாட்-அவர் பார்க்கிறது, அதாவது பேட்டரியில் அடங்கும் மொத்த மின்னாற்றல். எம்.ஏ.ஹெச்.-ஐ 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-அவர் வரும். 10,000-க்கு 37. 20,000-க்கு 74. 27,000-க்கு 99.9. உங்கள் 30,000-க்கு 111. 100 வாட்-அவர் வரை பொதுவாக முன்னனுமதி இல்லாமல் கைப்பையில் எடுத்துப்போகலாம். 100-லிருந்து 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும், அதுவும் இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் பயணிக்கு அனுமதியே இல்லை.

செக்-இன் பெட்டியில் எந்த அளவு பவர் பேங்க்கையும் போடக்கூடாது. லித்தியம் பேட்டரி ஒன்று உள்ளுக்குள் பற்றிக்கொண்டால் தன் சூட்டிலேயே அடுத்த செல்லையும் பற்றவைக்கும். கேபினில் என்றால் ஊழியர்கள் பார்த்துத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க முடியும். கீழே சரக்கறையில் உள்ள தீயணைப்பு வாயு, தீச்சுடரை அடக்கும். பேட்டரிக்குள் ஓடும் அந்தச் சூட்டுத் தொடரை நிறுத்தாது. இது தெரியாமல் பெட்டியில் போட்டவரை போர்டிங் நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் புறப்படும் முன்பே தீப்பிடித்தது; பவர் பேங்க்கின் உள்ளே மின்காப்பு சிதைந்தது காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். அதன்பின் விதிகள் இறுகின. கொரிய விமானங்களில் 2025 மார்ச் முதல் பவர் பேங்க்கைத் தலைக்கு மேல் உள்ள அறையில் வைக்கக்கூடாது, கண் எதிரே வைத்திருக்கவேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் முதல் பறக்கும்போது பவர் பேங்க்கில் போனை சார்ஜ் செய்யவும் கூடாது, பவர் பேங்க்கை சார்ஜ் செய்யவும் கூடாது. எமிரேட்ஸில் 2025 அக்டோபர் முதல் ஆளுக்கு ஒன்றுதான், அதுவும் 100 வாட்-அவருக்குள். சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 2025 ஜூன் 28 முதல் அந்த நாட்டின் '3சி' பாதுகாப்பு முத்திரை இல்லாததை எடுத்துவிடுகிறார்கள். நம் ஊரில் வாங்கியதில் அது பெரும்பாலும் இருக்காது. டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் விதியைக் கிளம்புவதற்கு முதல்நாள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

லேபிளைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 20,000 என்று பெரிதாகப் போட்டிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் அளவு, 3.7 வோல்ட்டில். அதற்குக் கீழே 'ரேட்டட் கெபாசிட்டி' என்று 12,000 அல்லது அதை ஒட்டி ஒரு எண் 5 வோல்ட்டுக்குப் போட்டிருக்கும். உங்கள் போனுக்கு உண்மையில் வந்துசேருவது அந்த இரண்டாவது எண்தான். 5,000 எம்.ஏ.ஹெச். பேட்டரி உள்ள போனை அதில் இரண்டரை தடவை நிரப்பலாம், நான்கு தடவை முடியாது. இந்த இரண்டாவது எண்ணும் வாட்-அவரும் அச்சில் இல்லாத பவர் பேங்க்கை வாங்கவே வாங்காதீர்கள். எழுத்து அழிந்துபோன பழையதையும் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவைப்பார்கள்.

எடைபோட்டும் பார்க்கலாம். நிஜமான 20,000 எம்.ஏ.ஹெச். 350 கிராமுக்குக் குறைவாக இருப்பது அபூர்வம். உள்ளங்கையில் அடங்கி 200 கிராம் எடையில் '50,000' என்று எழுதியிருந்தால் அது பொய். இரவு தோறும் ஹோட்டலில் தங்குபவருக்கு 10,000 தாராளம். ரயிலிலும் பேருந்திலும் நாள் கணக்கில் போகிறவருக்கு 20,000. உப்பிப்போனது, கீழே விழுந்து ஓரம் பிளந்தது எதுவாக இருந்தாலும் பயணத்துக்கு எடுக்கக்கூடாது.

ஐரோப்பா பன்னிரண்டு நாள் குழுச் சுற்றுலா. லேப்டாப், டேப், கேமரா, கிண்டில், ட்ரைபாட், செல்ஃபி ஸ்டிக் எல்லாம் எடுத்துவைத்தால் சார்ஜர்களுக்கே ஒரு பை வேண்டியிருக்கிறது. எதை விடுவது?
– வாசகர், கோவை

கருவியை எண்ணாதீர்கள், சார்ஜரை எண்ணுங்கள். உங்கள் போன் சார்ஜரிலேயே ஏறும் கருவி என்றால் கூட வரட்டும். தனக்கென்று தனி சார்ஜர் கேட்கும் கருவி, அந்தச் சுமைக்கு ஈடாக என்ன தருகிறது என்று பார்க்கவேண்டும். மருத்துவக் கருவிக்கு மட்டும் இந்தக் கேள்வியே வேண்டாம்.

குழுச் சுற்றுலாவில் காலை ஏழரைக்குப் பேருந்து, இரவு ஒன்பதுக்கு அறை, இரண்டு இரவுக்கு ஒரு ஊர். லேப்டாப்பைத் திறக்க நேரமே இருக்காது. அலுவலகம் கட்டாயப்படுத்தாவிட்டால் வீட்டில் வைத்துவிடுங்கள். டேப், கிண்டில் இரண்டில் ஒன்று. படிப்பவர் என்றால் கிண்டில். பயணம் முழுக்க ஒரே சார்ஜ் தாங்கும். ட்ரைபாட்டை விரிக்க வழிகாட்டி காத்திருக்கமாட்டார். செல்ஃபி ஸ்டிக் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குள் கூடாது. வாடிகனின் சிஸ்டைன் தேவாலயத்தில் படமே எடுக்கக்கூடாது. கேமராவைப் பொறுத்தவரை ஒன்றுதான்: தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவரும் லென்ஸ் இருக்கிறதா? இருந்தால் ஆல்ப்ஸ் மலைக்கு அது உபயோகம், ஒரு உபரி பேட்டரியோடு எடுத்துப்போங்கள். பேட்டரியைக் கைப்பையில், முனைகளில் டேப் ஒட்டி வைக்கவேண்டும். சாவியோ சில்லறையோ உரசினால் ஷார்ட் ஆகும். போனில் வருவது போன்ற படத்தையே எடுக்கும் கேமராவாக இருந்தால் வேண்டாம்.

போனில் இடத்தைக் காலிசெய்வது கேமராவைவிட முக்கியம். ஐபோனில் 4கே வீடியோ, நொடிக்கு 30 பிரேம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்.பி.; 60 பிரேம் என்றால் 400 எம்.பி. அதே நிமிடம் 1080 என்ற குறைந்த தரத்தில் எடுத்தால் 60 எம்.பி.-தான். மற்ற போன்களில் இன்னும் கூடவும் வரலாம். குடும்பத்தோடு டி.வி.யில் பார்க்க 1080 போதும். டைப்-சி முனை உள்ள 128 ஜி.பி. பென்டிரைவ் ஒன்று, விரல் அளவுதான், அதில் இரவுதோறும் படங்களை நகலெடுங்கள். ஹோட்டல் வை-ஃபையில் எல்லாம் கிளவுடுக்கு, அதாவது இணையச் சேமிப்புக்கு, போய்விடும் என்று நம்பவேண்டாம். நாற்பது பேர் குழு ஒரே நேரத்தில் அதைத்தான் செய்யும்.

சார்ஜருக்கு வருவோம். 'கேன்' (GaN) என்று குறிப்பிட்டு வரும், சின்ன உருவில் அதிக வாட் தரும் வகை 65 வாட் சார்ஜர், இரண்டு டைப்-சி துளை உள்ளதாக ஒன்று. தனியாகச் செருகினால் 65 வாட், இரண்டையும் செருகினால் 45-ம் 20-ம் என்று பிரித்துக்கொடுக்கும். எப்படிப் பிரிக்கிறது என்று சார்ஜரிலேயே அச்சாகியிருக்கும். 60 வாட்டுக்கு மேல் போகவேண்டுமானால் 100 வாட் என்று குறிப்பிட்ட கேபிள் வேண்டும். சாதாரணக் கேபிளில் சார்ஜர் தானாக 60-க்குள் நிறுத்திக்கொள்ளும். ஒன்பிளஸ், ஓப்போ, விவோ போன்களின் அதிவேக சார்ஜிங் அவற்றின் சொந்த சார்ஜரிலும் கேபிளிலும்தான் முழுவேகத்தில் வரும். பொது சார்ஜரில் ஏறும், நேரம் கூடும், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க நேரம் இருக்கிறதே, தனி சார்ஜர் வேண்டாம்.

ஐரோப்பாவில் 230 வோல்ட்தான். நம் போன் சார்ஜரின் மெல்லிய உருண்டை இரண்டு பின், ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து எல்லாவற்றிலும் பொருந்தும். ஆனால் ஜெர்மன் வகை சாக்கெட் சுவரோடு சமமாக இருக்காது, ஒரு குழிக்குள் இருக்கும், ஆழம் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர். அகலமான செங்கல் மாதிரி சார்ஜர் என்றால் உடல் குழியின் விளிம்பில் முட்டி நின்றுவிடும், பின் உள்ளே எட்டாது. அதற்கு ஐரோப்பிய அடாப்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டனும் பட்டியலில் இருந்தால் அங்கே செவ்வகப் பின் மூன்று, தனி அடாப்டர். லேப்டாப் எடுத்தே ஆகவேண்டியவர்கள், நம் கனத்த மூன்று உருண்டைப் பின்னுக்கு அடாப்டர் தேடாமல், லேப்டாப் சார்ஜர் பெட்டியிலிருந்து சுவருக்குப் போகும் கம்பியை மட்டும் ஐரோப்பிய பின் உள்ளதாக வாங்கி மாற்றிவிடலாம். எர்த் இணைப்பும் சரியாகக் கிடைக்கும்.

அறையில் இன்னொன்று கவனியுங்கள். கதவருகே கார்டைச் செருகினால்தான் மின்சாரம் வரும் ஹோட்டல்கள் அதிகம். காலைச் சாப்பாட்டுக்குக் கார்டோடு இறங்கினால் சார்ஜிங்கும் நின்றுவிடும். சின்ன ஃபிரிட்ஜ் இணைத்திருக்கும் சாக்கெட் பெரும்பாலும் அணையாது. அதன் பக்கத்தில் துளை காலியாக இருந்தால் அங்கே செருகுங்கள். அறையைக் காலிசெய்யும்போது மறந்துவிட்டு வருவதும் சார்ஜரைத்தான். வெள்ளைச் சுவரில் வெள்ளை சார்ஜர் கண்ணில் படாது. சிவப்பு டேப் ஒரு சுற்றுச் சுற்றிவையுங்கள்.

வீட்டில் கிடக்கும் பழைய போன் ஒன்றை எடுத்துப்போகச் சொல்வோம். வங்கி ஓ.டி.பி. வரும் இந்திய சிம்மை அதில் போட்டு, டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, அறைப் பெட்டகத்தில் வையுங்கள். கிளம்பும் முன் அந்த எண்ணுக்கு சர்வதேச ரோமிங் வசதியைத் திறந்துவைக்க மறக்காதீர்கள். திறக்காவிட்டால் வெளிநாட்டில் ஓ.டி.பி.யே வராது. கையில் இருக்கும் போன் திருடுபோனாலும் கார்டை முடக்க வழி இருக்கும்.

அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதால் சி-பேப் இயந்திரம் பயன்படுத்துகிறார். சிங்கப்பூரில் தம்பி வீட்டுக்கு ஒரு மாதம் போகிறோம். பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தால் பத்திரமா?
– வாசகி, திருநெல்வேலி

கைப்பையில்தான் எடுத்துப்போகவேண்டும். பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தால் அப்பாவுக்கு அன்றிரவு கருவி இல்லை. மருத்துவர் கடிதம், கருவியின் பெயரும் அப்பாவின் பெயரும் குறிப்பிட்டு ஆங்கிலத்தில் ஒன்று வாங்கிக்கொண்டு, இது மருத்துவக் கருவி என்று விமான நிறுவனத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பல நிறுவனங்கள் இதைக் கைப்பை எடையில் சேர்ப்பதில்லை. ஆனால் சொல்லாமல் கவுன்டரில் போய் நின்றால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

கிளம்பும் அன்று காலையில் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றிக் கொட்டி, துடைத்து, காயவைத்துத் தனியாக வையுங்கள். இயந்திரம் பழுதாவது பெரும்பாலும் இங்கேதான்: அடியில் மிச்சமிருக்கும் ஒரு வாய்த் தண்ணீர், பை சாயும்போது காற்று வரும் பாதை வழியாக மோட்டாருக்குள் போய்விடும். சிங்கப்பூர் போனதும் காய்ச்சி வடித்த நீர் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உபரி வடிகட்டி இரண்டு, முகமூடியின் மெத்தைப் பகுதி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் வாங்கிய மாடலுக்கான உதிரி அங்கே உடனே கிடைக்கும் என்று சொல்லமுடியாது.

மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சாக்கெட் மட்டும் பிரிட்டிஷ் வகை, செவ்வகப் பின் மூன்று. மேல் பின் உள்ளே போனால்தான் கீழே இரண்டு துளையின் மூடியும் திறக்கும். அதனால் நம் இரண்டு பின் சார்ஜர் நேராகப் போகாது. பேனா முனையால் மேல் துளையை அழுத்தி, கீழே சார்ஜரைத் திணிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். பின் பாதி பிடிப்பில் தொங்கும், இரவு முழுக்க ஓடும் கருவிக்கு அது தீ ஆபத்து. எர்த் உள்ள, ஃபியூஸ் உள்ள மூன்று பின் அடாப்டர் வாங்குங்கள். நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை எடுத்துப்போய் அந்த ஒரே அடாப்டரில் செருகினால் சி-பேப், போன்கள் எல்லாம் அதிலேயே ஓடும். வோல்ட்டேஜ் ஒன்றுதான் என்பதால் இது சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டன் எல்லா இடத்துக்கும் சரிவரும். இலங்கையிலும் புதிய கட்டடங்களில் இதே செவ்வகப் பின்தான். பழைய வீடுகளில் நம் உருண்டைப் பின்னே இருக்கும்.

சி-பேப்புக்குத் தனி பேட்டரி வாங்குவதாக இருந்தால் மேலே சொன்ன 100, 160 வாட்-அவர் விதி அதற்கும் உண்டு. ஈரப்பதமூட்டியையும் சூடேறும் குழாயையும் அணைத்துவிட்டு ஓட்டினால் அதே பேட்டரி இரண்டு மடங்கு நேரமாவது தாங்கும். பேட்டரியில் ஓடும் இரவுகளில் அப்படி அணைக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கன்னியாகுமரியிலிருந்து ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் வைஷ்ணோ தேவி போகிறோம், பெரியவர்கள் ஒன்பது பேர், ஸ்லீப்பர் வகுப்பு. ரயிலில் சார்ஜ் போட வசதி இருக்கும்தானே?
– வாசகர், நாகர்கோவில்

இருக்கும், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஒரு தடுப்புக்குள் இருக்கும் இரண்டொரு சாக்கெட்டுக்கு எட்டுப் பேர் போட்டி. பல ரயில்வே கோட்டங்களில் 2021-லிருந்து இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை தீப்பாதுகாப்புக்காக அதை அணைத்துவிடுகிறார்கள். வோல்ட்டேஜும் 110-தான். போன் சார்ஜருக்கு அது பிரச்சினையில்லை, 100–240 வகை என்பதால். ஆனால் எலெக்ட்ரிக் கெட்டிலை ரயிலில் செருகுவது தடைசெய்யப்பட்டது, தண்டனைக்குரியது. வெந்நீர் வேண்டுமென்றால் நல்ல பிளாஸ்க் இரண்டு எடுத்துப்போய்ப் பெரிய ஸ்டேஷன்களில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

சாக்கெட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தால் உள்ளே பித்தளைத் தகடுகள் தேய்ந்து விரிந்திருக்கும். கனமான சார்ஜர் தன் எடையாலேயே முன்னால் சாயும். வண்டியின் ஆட்டத்தில் தொடர்பு விட்டு விட்டு ஒட்டும். போன் நிமிடத்துக்குப் பத்து முறை 'டிங்' என்று கத்தும், சார்ஜ் ஏறாது, முனை சூடாகும். ரயிலுக்கு ஏற்றது எடை குறைந்த பழைய வகைச் சின்ன சார்ஜர், இரண்டு மீட்டர் கேபிள். பகலில் அதில் பவர் பேங்க்கை ஏற்றுங்கள். இரவில் பவர் பேங்க்கிலிருந்து போனை, தலையணைக்குக் கீழே அல்ல, திறந்த இடத்தில் கைக்கெட்ட வைத்து. சாக்கெட்டில் போனை மாட்டிவிட்டுத் தூங்கினால் காலையில் கேபிள் மட்டும் இருக்கும். மூன்று இரவுப் பயணத்துக்கு ஒன்பது பேருக்கு 20,000 எம்.ஏ.ஹெச். மூன்று போதும்.

சார்ஜைவிடப் பெரிய சிக்கல் சிம். வைஷ்ணோ தேவி இருக்கும் ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. எல்லைக்குள் நுழைந்ததும் சிக்னல் போய்விடும். போஸ்ட்பெய்டு மட்டும் இயங்கும். குழுவில் இரண்டு பேராவது, வேறு வேறு நிறுவன போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர்களாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்ணையும் ஊரில் எல்லா வீட்டிலும் கொடுத்துவிடுங்கள். டிக்கெட், அடையாள அட்டை, தங்குமிட ரசீது எல்லாவற்றையும் போனில் படமாகச் சேமித்து, ஒரு காகித நகலும் எடுங்கள். சன்னிதிக்குப் போகும் முன் போனையும் பையையும் பாதுகாப்பு அறையில் ஒப்படைக்கவேண்டும். அந்த நேரம் கூட்டத்தில் யாராவது பிரிந்துவிட்டால் உதவுவது சட்டைப் பையில் இருக்கும் துண்டுச் சீட்டுதான். ஒவ்வொரு பெரியவரிடமும் போஸ்ட்பெய்டு எண் இரண்டும் தங்குமிடப் பெயரும் எழுதிக் கொடுங்கள்.

குளிர்காலத்தில் போகிறீர்கள் என்றால் போனை ஸ்வெட்டருக்கு உள்பக்கப் பையில் வையுங்கள். உறையும் குளிரில் பேட்டரி 30 சதவீதம் காட்டும்போதே அணைந்துவிடும். உடல் சூட்டில் வைத்தால் மீண்டும் உயிர்பெறும். ஆனால் சில்லிட்டுக் கிடக்கும் போனை அப்படியே சார்ஜில் போடக்கூடாது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படியும், பேட்டரியின் ஆயுள் நிரந்தரமாகக் குறையும்.

டார்ச் தனியாக ஒன்று, செல் போடும் வகை. போன் வெளிச்சத்தில் ஏறினால் இறங்கும்போது பேசச் சார்ஜ் இருக்காது.

கனடாவிலிருந்து வரும் சித்தப்பா மகன் மேற்குத் தொடர்ச்சி மலையில் நடைப்பயணம் போக ட்ரோனும், சிக்னல் இல்லாத இடத்திலும் செய்தி அனுப்பும் சாட்டிலைட் கருவியும் கொண்டுவருகிறேன் என்கிறார். பிரச்சினை வருமா?
– வாசகி, தேனி

வரும். இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச்சொல்லுங்கள், இன்றே சொல்லுங்கள். சாட்டிலைட் போன், கார்மின் இன்ரீச் போன்ற சாட்டிலைட் தகவல் கருவிகளை அரசின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். விவரம் தெரியாமல் கைப்பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் கைதான செய்திகள் அடிக்கடி வருகின்றன. 'எங்கள் ஊரில் எல்லாரும் வைத்திருக்கிறோம்' என்ற பதில் அங்கே எடுபடாது. வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருக்கிறது; சுங்கத்தில் பறிமுதல் ஆகும். மலைக்குப் போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொண்டு, வனத்துறை அனுமதியோடு உள்ளூர் வழிகாட்டியுடன் போகச் சொல்லுங்கள்.

பெட்டி தொலைந்தால் கண்டுபிடிக்க ஏர்டேக் போடலாமா? சார்ஜ் போடும் வசதியுள்ள ஸ்மார்ட் சூட்கேஸ் வாங்கலாமா?
– வாசகர், சேலம்

ஏர்டேக், அதாவது இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் ஆப்பிளின் சின்ன வில்லை. அதை செக்-இன் பெட்டிக்குள்ளேயே போடலாம். அதில் இருப்பது சிஆர்2032 என்ற பொத்தான் செல், லித்தியம் மிகக் குறைவு. வெளியே தொங்கவிடாமல் பெட்டியின் உள்துணிக்குப் பின்னால் வையுங்கள். ஏர்டேக்குக்கு ஐபோன் வேண்டும். ஆண்ட்ராய்டு வைத்திருந்தால் கூகுளின் கண்டறியும் சேவையில் இயங்கும் டேக் பார்த்து வாங்குங்கள்.

ஸ்மார்ட் சூட்கேஸில் பேட்டரியைக் கையால் கழற்ற முடிந்தால் மட்டும் வாங்கலாம். கழற்ற முடியாததைப் பல விமான நிறுவனங்கள் 2018 ஜனவரியிலிருந்தே ஏற்றுவதில்லை. கடையிலேயே விற்பனையாளரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்க்ரூ டிரைவர் கேட்டால் வேறு பெட்டி பாருங்கள்.